மஸ்டரில் இருப்பவர்கள் தெருவில் இருக்கிறார்களா? சுகாதாரப் பிரிவுச் சம்பளப் பட்டியல் அனுபவங்கள்

முன்னாள் சுகாதாரப் பிரிவு உதவியாளர்:

ஒரு நகராட்சியின் பொது சுகாதாரப் பிரிவில் ஆறு வருடம் இளநிலை உதவியாளராக இருந்தேன். பிறப்பு இறப்புச் சான்றோடு சம்பளப் பில் போடுவதும் என் வேலைதான். ஊர்ப் பெயர் வேண்டாம். இந்தப் பிரிவில் வேலை பார்த்தவர்கள், சம்பளம் வாங்கியவர்கள், தணிக்கைக்கு வந்தவர்கள் யாராக இருந்தாலும் நீங்கள் பார்த்ததையும் இங்கே எழுதுங்கள்.

வெளியே இருப்பவர்களுக்காகப் பணம் போகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு வார்டில் மஸ்டர், அதாவது வருகைப் பதிவு. மேற்பார்வையாளர் பேர் கூப்பிட்டு வருகை குறிப்பார். மாதக் கடைசியில் துப்புரவு ஆய்வாளர் அதில் கையெழுத்துப் போட்டு எங்களுக்கு அனுப்புவார். நாங்கள் பில் தயாரிப்போம், நகர்நல அலுவலர் பரிந்துரைப்பார், கணக்குப் பிரிவு சரிபார்க்கும், ஆணையர் ஒப்புதல் தருவார். இத்தனை கையெழுத்து இருந்தும், ஆறு மணிக்கு அங்கே நின்று ஆளைக் கண்ணால் பார்த்தவர் மேற்பார்வையாளர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள். நானும் அப்படித்தான் போட்டேன்.

2017 டெங்கு காலத்தில் வீடு வீடாகப் போய்த் தொட்டி, டிரம், பழைய டயரில் கொசுப்புழு பார்க்க ஒப்பந்ததாரர் மூலம் தினக்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். டி.பி.சி. ஆட்கள் என்போம். தினமும் அறிக்கை, வாரம் ஒரு ஆய்வு என்று அலுவலகமே ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்தில் மஸ்டரை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

அக்டோபர் மஸ்டர் என் மேசைக்கு வந்ததும் எனக்கு உறுத்தியது. எல்லாக் கட்டங்களிலும் ஒரே நீல மை, ஒரே அழுத்தம். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 18. அன்றைக்கும் முழு வருகை, மறுநாளும் முழு வருகை. தினமும் விடிகாலையில் தெருமுனையில் நின்று குறித்த தாள் என்றால் ஓரத்தில் அழுக்கு இருக்கும், மடிப்பு இருக்கும், ஒரு நாளாவது பேனா மாறியிருக்கும். இது இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது.

சந்தேகம் வந்ததும் பில்லோடு வைத்திருந்த பி.எஃப். சலானை எடுத்துப் பார்த்தேன். சலானில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும், யார் யாருக்குக் கட்டியது என்று தெரியாது. அதற்கு இ.சி.ஆர். வேண்டும். ஒவ்வொரு ஆளின் யு.ஏ.என். என்கிற பி.எஃப். எண், பெயர், சம்பளம், கட்டிய தொகை, வேலைக்கு வராத நாட்கள் எல்லாம் வரி வரியாக வருகிற பட்டியல் அது. ஒப்பந்ததாரரின் ஆளிடம் கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே மேடம்" என்றார். உண்மைதான். எனக்கு முன்னால் இருந்தவர்களும் கேட்கவில்லை, நானும் அதுவரை கேட்டதில்லை.

மூன்று முறை கேட்ட பிறகு வந்தது. மஸ்டரில் 84 பேர், இ.சி.ஆரில் 51 பேர். அந்த 51 பேரிலும் முக்கால்வாசிப் பேருக்கு வராத நாட்கள் என்ற கட்டத்தில் 13, 14 என்று போட்டிருந்தது. நகராட்சியிடம் 26 நாள் கூலி கேட்கிற அதே ஆள், பி.எஃப். அலுவலகத்துக்குப் பாதி மாதம் வராத ஆள். மீதி 33 பேர் உண்மையில் இருந்து அவர்களுக்குப் பி.எஃப். கட்டவில்லையா, அல்லது அப்படி ஆட்களே கிடையாதா என்பது என் நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்க முடியாத விஷயம்.

குறிப்பு எழுதி வைத்தேன். மேலே இருந்தவர் கூப்பிட்டு, "பில்லை நிறுத்தினால் ஆட்களுக்குச் சம்பளம் போகாது, நாளைக்கு ஒருத்தரும் புழு பார்க்கப் போக மாட்டார்கள், பொறுப்பு உங்களுடையதா?" என்றார். அது வெறும் மிரட்டல் இல்லை. பில்லை நிறுத்தினால் முதலில் அடி வாங்குவது தினக்கூலிக்காரர்தான். ஒப்பந்ததாரருக்கு இரண்டு மாதம் தாங்கும், அவர்களுக்கு இரண்டு நாள் தாங்காது. அந்த மாதம் நான் பில்லை விட்டுவிட்டேன். இன்றைக்கும் அது எனக்கு நெருடல்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு அம்மா அலுவலகத்துக்கு வந்தார். பீரோ மறைவில் நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காத மாதிரி, "பாப்பா, எங்களுக்கு என்ன கூலி போட்டிருக்குது?" என்று கேட்டார். கலெக்டர் நிர்ணயித்த தினக்கூலி 350 என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அவர் கைக்குக் கிடைப்பது 230. சம்பளம் வங்கியில்தானே விழுகிறது என்றேன். ஏ.டி.எம். கார்டு அவரிடம் இல்லையாம். எல்லோருடைய கார்டையும் வாங்கி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாக ஒப்பந்ததாரரின் ஆள் வைத்திருக்கிறாராம். பணத்தை அவரே எடுத்து எண்ணிக் கொடுப்பாராம்.

இரண்டாவது குறிப்பில் கூலி குறைகிற விஷயத்தையும் சேர்த்தேன், அந்த அம்மாவின் பெயர் இல்லாமல். அப்போது அமலில் இருந்த 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்ததாரர் கூலியைக் குறைத்துக் கொடுத்தால் முதன்மை வேலையளிப்பவரான நகராட்சிதான் அதை ஈடுகட்டி, பிறகு அவரிடம் வசூலிக்க வேண்டும். கூலி கொடுக்கும்போது நகராட்சியின் ஆள் ஒருவர் உடனிருந்து சான்று எழுத வேண்டும். எங்கள் கோப்பில் அந்தச் சான்றும் மாதா மாதம் இருந்தது, தேதி போடாமல்.

புதிதாக வந்த நகர்நல அலுவலர் இரண்டாவது குறிப்பைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடிகாலை தானே இரண்டு சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு மஸ்டர் இடத்துக்குப் போய்விட்டார். தாளில் 58 பேர் வர வேண்டிய இடத்தில் 41 பேர். அந்த வாரம் நான்கு இடங்கள் போனார். அடுத்த மாதம் கூலித் தொகை மட்டும் விடுவித்தோம், பி.எஃப். பங்கை இ.சி.ஆர். வரும் வரை நிறுத்தி வைத்தோம். ஒரு தினக்கூலிக்காரரும் பட்டினி கிடக்கவில்லை. இதை முதல் மாதமே நான் கேட்டிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. மஸ்டர் எண்ணிக்கை 84இலிருந்து 63 ஆனது. பணம் திரும்பி வந்ததா என்று கேட்காதீர்கள். அதற்குள் எனக்கு மாறுதல் வந்துவிட்டது.

ஓய்வு பெற்ற தணிக்கையாளர்:

உள்ளாட்சி நிதித் தணிக்கையில் பல வருடம் இருந்தவன். நீங்கள் சொல்லும் இஸ்திரி போட்ட மஸ்டரை எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறேன். நாங்கள் போகும்போது வருடம் ஒன்றோ இரண்டோ ஓடியிருக்கும். தணிக்கைத் தடை (ஆட்சேபம்) எழுதுவோம், பதில் கேட்போம், பதில் வராது. அந்த அலுவலர் ஓய்வு பெற்றிருப்பார், ஒப்பந்ததாரர் வேறு பெயரில் வேறு ஊரில் இருப்பார். பணம் பட்டுவாடா ஆவதற்கு முன்பே ஒரு கை பிடிக்க வேண்டும், அது உங்கள் மாதிரி எழுத்தரின் கைதான்.

ஒரு நகராட்சியில் இறந்துபோன நிரந்தரப் பணியாளர் ஒருவருக்கு இரண்டு மாதம் சம்பளம் போயிருந்தது. குடும்பத்தின் மேல் தவறில்லை, பட்டியலில் பெயர் எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இறப்பைப் பதிவு செய்வதே சுகாதாரப் பிரிவு. ஒரே அறையில் இந்த அலமாரியில் இறப்புப் பதிவேடு, அந்த அலமாரியில் சம்பளப் பதிவேடு. இரண்டையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் வேலை ஒதுக்கவில்லை.

பெரிய அளவில் நடந்ததற்கு டெல்லி மாநகராட்சியைச் சொல்லலாம். 2009இல் கைரேகை வருகைப் பதிவு கொண்டுவந்தபோது பட்டியலில் இருந்தவர்களில் 22,853 பேர் பதிவுக்கு வரவில்லை என்று அப்போதைய மேயரே அறிவித்தார்.

துப்புரவு மேற்பார்வையாளர்:

எங்களை எல்லாம் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். நான் ஆறு மணிக்கு நிற்கிறவன். சரி, கைரேகை மெஷின் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். எங்கள் இடத்தில் வந்தது. சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் அள்ளி அள்ளி ரேகை தேய்ந்துபோன விரல்களை அது ஏற்கவே இல்லை. முப்பது வருடம் சாக்கடை அள்ளிய ஒரு பெரியவர் விரலைத் துண்டில், சுவரில் என்று துடைத்துத் துடைத்து வைக்கிறார், சிவப்பு விளக்குதான் எரிகிறது. அவர் என் எதிரில் நிற்கிறார், மெஷின் ஆப்சென்ட் என்கிறது. நான் தாளிலும் குறித்து வைத்திருந்ததால் அந்த மாதம் அவருக்கு ஒன்பது நாள் கூலி தப்பியது. மெஷினும் இருக்கட்டும், கண்ணும் இருக்க வேண்டும்.

தூய்மைப் பணியாளரின் மகள்:

எங்கள் அம்மா ஒப்பந்தத்தில் தெருக் கூட்டுகிறார். 'பி.எஃப். போக' என்று ஒவ்வொரு மாதமும் பிடிப்பார்கள். சீட்டு எதுவும் தர மாட்டார்கள். நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு அம்மாவின் யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கவே நான்கு மாதம் ஆனது. அரசின் உமங் ஆப்பில் பி.எஃப். பாஸ்புக் திறந்து பார்த்தால் நான்கு வருட வேலைக்குப் பதினான்கு மாதம்தான் பணம் சேர்ந்திருக்கிறது. பி.எஃப். அலுவலகத்தின் குறைதீர் தளத்தில் புகார் போட்டிருக்கிறேன். வருகைக்கு ஆதாரம் கேட்கிறார்கள். மஸ்டர் நகராட்சியில் இருக்கிறது, எங்களிடம் எப்படி இருக்கும்?

முன்னாள் சுகாதாரப் பிரிவு உதவியாளர்:

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும்மா. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். அம்மா பெயரிலேயே போடு, "என்னுடைய வருகைப் பதிவு" என்று கேள். அப்போது மூன்றாம் நபர் தகவல் என்று தட்டிக்கழிக்க முடியாது. நகல் கேட்பதோடு, பதிவேட்டை நேரில் பார்வையிட வேண்டும் என்றும் சேர்த்து எழுது, சட்டத்தில் அதற்கும் இடம் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. பணம் சேர்ந்திருக்கிற அந்தப் பதினான்கு மாதத்தையும் அப்படியே விட்டுவிடாதே. பாஸ்புக்கில் சம்பளம் எவ்வளவு என்று காட்டியிருப்பார்கள், அதைப் பார். அம்மாவுக்கு 350 வீதம் 26 நாள் என்றால் 9,100 இருக்க வேண்டும். அதில் 12 சதவீதம் 1,092.

தூய்மைப் பணியாளரின் மகள்:

இப்போதுதான் பார்த்தேன் அக்கா. 4,550 என்று இருக்கிறது, பிடித்தம் 546. எல்லா மாதமும் அப்படியே. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "மிச்சப் பாதி மாசம் நான் எங்கே போனேனாம்?" என்று கேட்டார். தாத்தா இறந்த மூன்றாம் நாளே வேலைக்குப் போனவர் அவர்.

மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்டாம்பு வாங்க நாளைக்குக் கோர்ட்டுப் பக்கம் போகிறேன்.