7.5% ஒதுக்கீட்டு சீட்டுக்கும் பணம் கட்ட வேண்டுமா?

வணக்கம். அக்கா மகளுக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சீட் கிடைத்திருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளிதான். இதில் சேருகிறவர்களின் படிப்பு, விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று 2021-லேயே அறிவித்தார்கள். ஆனால் கல்லூரியில் (பெயர் வேண்டாம்) 'இதர கட்டணம்' என்று 18,000 ரூபாய் கேட்கிறார்கள். எதற்கு என்றால் சரியான பதில் இல்லை, ரசீதும் அப்புறம்தானாம். அக்கா நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டாள், நான்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

இதே ஒதுக்கீட்டில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இதைக் கட்டத்தான் வேண்டுமா? புகார் என்றால் எங்கே எழுதிக் கொடுத்தீர்கள்? அரசுப் பள்ளியில் படித்து கல்லூரி சேரும் பெண்களுக்கு அரசு தரும் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும், இப்போதே முறைத்துக்கொண்டால் அதுவும் இழுபடுமோ என்று பயம். திங்கள்கிழமை கடைசி நாள்.