ஏஸ் ஜோடி தோற்றதும் புத்தி எங்கே போகிறது?

நடுநிசி ஆட்டம்:
நேற்று ராத்திரி போக்கர் சீட்டாட்டத்தில் என்னிடம் ஏஸ் ஜோடி, எதிராளியிடம் கிங் ஜோடி. ஃப்ளாப் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) வருவதற்கு முன்பே இரண்டு பேரும் ஆல்-இன், அதாவது கட்ட முடிந்த பணம் முழுவதும் உள்ளே. கடைசிப் பொதுச் சீட்டில் கிங் வந்து விழுந்தது, மூன்று கிங்கோடு அவர் ஜெயித்தார். அதுவரை நிதானமாக ஆடிக்கொண்டிருந்தவன், அடுத்த அரை மணி நேரத்தில் ஒன்பதும் நாலும் மாதிரி தொடவே கூடாத சீட்டையெல்லாம் வைத்து ரைஸ் செய்து (பந்தயத்தை ஏற்றி), மிச்சமிருந்ததையும் கொட்டிவிட்டு எழுந்தேன். இது டில்ட், அதாவது உணர்ச்சிவசப்பட்டுப் புத்தி கெட்டு ஆடுவது என்று ஆடும்போதே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. என்னைக் கேட்டால் இதற்குக் காரணம் பண ஆசை இல்லை, அநியாயம் நடந்துவிட்டது என்ற நினைப்புதான்.

கணக்குப்பிள்ளை:
என்ன அநியாயம் சகோ? கிங் ஜோடியோடு ஆல்-இன் போனவர் செய்த தப்பு என்ன? அந்த மோதலில் ஏஸ் ஜோடி 100க்கு 82 தடவை போல ஜெயிக்கும், மீதித் தடவை தோற்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை நடப்பதற்கு இவ்வளவு புலம்பலா? உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால் அது சாக்காகிவிடும். இது வெறும் கட்டுப்பாடு இல்லாமைதான்.

நடுநிசி ஆட்டம்:
82 எனக்கும் தெரியும். ஆனால் பணம் உள்ளே போனபோதுதான் அது 82. டர்ன் என்ற நாலாவது பொதுச் சீட்டு வரைக்கும் கிங் வரவில்லை, கிங்கைத் தவிர வேறு எதுவும் அவருக்கு உதவாது. பார்க்காத 44 சீட்டில் அவருக்கு வேண்டியது இரண்டே இரண்டு. அந்த நேரத்தில் என் மனசு அந்தப் பணத்தை எடுத்துப் பையில் போட்டாகிவிட்டது. அதனால்தான் தோற்ற மாதிரி இல்லாமல் யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. காது சூடாகி, எதிராளி ஆடி முடிப்பதற்குள் என் விரல் பட்டனுக்குப் போய்விட்டது. கட்டுப்பாடு இல்லை என்று சொல்லிவிட்டீர்கள், சரி, ஒரு நிமிஷம் முன்பு வரை இருந்தது எங்கே போனது என்பதுதான் என் கேள்வி.

மழைக்காகம்:
பண ஆசை இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் சாரமே இதுதான்: லாபத்தில் இருக்கும்போது பத்திரமாக இருக்கப் பார்ப்பவன், நஷ்டத்தில் விழுந்ததும் பெரிய ரிஸ்க்குக்குத் துணிகிறான். விட்டதை இன்றைக்கே பிடித்துவிட வேண்டும் என்ற தவிப்புதான் உங்களை ஒன்பது நாலோடு உட்கார வைத்தது. நாளைக்கும் அதே மேசை இருக்கும் என்பது அப்போது யாருக்கும் உறைப்பதில்லை. தூக்கம் கெட்ட நேரத்தில் இன்னும் மோசம்.

நாலாம் சீட்டு:
அப்படியென்றால் ஜெயிக்கும்போது ஏன் புத்தி கெடுகிறது? மூன்று பெரிய பாட் (நடுவில் சேரும் பந்தயப் பணம்) வரிசையாக அடித்ததும், இன்றைக்கு நம்மை யாராலும் தொட முடியாது என்று கண்ட கையையும் ஆடி, வந்ததை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். விட்டதைப் பிடிக்கும் தவிப்பு அங்கே ஏது?

இன்னொன்று, என்னை மிகவும் ஆட்டி வைத்தது பேட் பீட் (நல்ல சீட்டு இருந்தும் அதிர்ஷ்டம் கைவிட்டுத் தோற்பது) இல்லை, அவமானம். ஒருவன் நல்ல சீட்டு இருப்பது போல் பிளஃப் செய்து என் சீட்டை மடக்க வைத்துவிட்டு, ஏழும் இரண்டும் என்று ஒன்றுக்கும் உதவாத சீட்டைத் திருப்பிக் காட்டினான். போன பணம் கொஞ்சம்தான். அதற்கப்புறம் மேசையில் வேறு யாரும் என் கண்ணில் படவே இல்லை. பின்பால் விளையாட்டு மெஷினை அளவுக்கு மீறி ஆட்டினால் டில்ட் என்று காட்டி அதுவே நின்றுவிடும். இந்தச் சொல் போக்கருக்கு வந்ததே அங்கிருந்துதான். மனுஷனுக்கு அப்படித் தானாக நிற்கும் வசதி இல்லை.

கணக்குப்பிள்ளை:
வசதி இல்லை என்றுதான் உட்காருவதற்கு முன்பே இவ்வளவு போனால் எழுந்துவிடுவேன் என்று வரம்பு வைக்கச் சொல்கிறேன். காரணம் எதுவாக இருந்தால் என்ன? மருந்து ஒன்றுதானே.

நடுநிசி ஆட்டம்:
வரம்பு வைத்திருந்தேன், தாண்டிவிட்டேன். எது தாண்ட வைத்தது என்று தெரியாமல் நாளைக்கும் அதே வரம்பை வைத்து என்ன பிரயோஜனம்?

நாலாம் சீட்டு சொன்னதைப் படித்துவிட்டு நேற்றைய ஆட்டத்தின் பதிவைத் திறந்து பார்த்தேன். கிங் விழுவதற்கு முந்தின பத்துக் கையில் (ஆட்டச் சுற்றில்) இரண்டில்தான் பணம் போட்டிருக்கிறேன். அதற்குப் பிந்தின பத்தில் ஏழு. அந்த ஏழில் ஆறு, அதே கிங் ஜோடிக்காரர் முதலில் ரைஸ் செய்த கை. அநியாயம் என்று இவ்வளவு நேரம் எழுதினேன், ஆனால் நான் அவரைத்தான் துரத்திக்கொண்டு போயிருக்கிறேன். ஆடும்போது அது எனக்குத் தெரியவே இல்லை.