ஏஜென்சி மூலமா வெளிநாட்டுல ஐடி வேலை, ஆஃபர் வந்தாச்சு. பணம் கட்டலாமா? அவசரம்

கீழ்வரிசை · செவ்வாய், இரவு 11:42

நாளைக்கு மதியத்துக்குள்ள பதில் சொல்லணும், அதான் இந்த நேரத்துல கேக்கறேன். ஏஜென்சி மூலமா ஆஃபர் லெட்டர் வந்திருக்கு. ப்ராசஸிங்குக்கு 1,500 கேக்கறாங்க, பாதி இப்போ, பாதி விசா வந்ததும். அவங்ககிட்ட ஸ்பான்ஸர் லைசென்ஸ் (வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க அரசு தர்ற உரிமம்) இருக்காம், அதனால விசா நிச்சயமாம். இன்டர்வியூ ரெண்டு ரவுண்டு முடிஞ்சுது. சம்பளம் 44,000. கட்டலாமா வேண்டாமா?

மழைக்கோட்டு · 11:50

எந்த நாடு? 1,500 என்ன, யூரோவா பவுண்டா டாலரா? 44,000 மாசத்துக்கா வருஷத்துக்கா?

உப்புமூட்டை · 11:53

இதையும் சேர்த்துச் சொல்லுங்க: என்ன படிப்பு, எத்தனை வருஷ அனுபவம், எந்த நாட்டு பாஸ்போர்ட். இன்டர்வியூ எடுத்தது ஏஜென்சி ஆளா, வேலை தர்ற கம்பெனி ஆளா? லெட்டர்ல கையெழுத்து யாரோடது? கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது பதில் போடுங்க.

நுனிப்புல் · புதன், நள்ளிரவு 12:04

முதல்ல சிவியைச் சரி பண்ணுங்க. நாலு பக்கம் ப்ராஜெக்ட் கதை எழுதினா ஏஜென்சிக்காரர் திறந்து பார்க்கவே மாட்டார். ரெண்டு பக்கம் போதும். பேருக்குக் கீழேயே மூணு விஷயம் இருக்கணும்: நோட்டீஸ் பீரியட் எத்தனை வாரம், அந்த நாட்டுல வேலை அனுமதி இருக்கா இல்லையா, எந்த மாசம் வந்து சேர முடியும். அவங்க வடிகட்டறது இதை வெச்சுத்தான்.

மழைக்கோட்டு · 12:07

அவருக்கு ஆஃபரே வந்தாச்சுங்க.

பழைய சர்வர் · 12:20

தலைப்பில் நாட்டின் பெயர் இல்லை, பதிவில் நாணயத்தின் பெயர் இல்லை, "அவசரம்" மட்டும் தவறாமல் இருக்கிறது. முகப்பில் ஒட்டிவைத்திருக்கும் இழையின் முதல் வரியே நாட்டைச் சொல்லுங்கள் என்பதுதான். அதைப் படிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

ஸ்பான்ஸர் லைசென்ஸ் என்கிறாரே, பிரிட்டன் என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்குவதை 1973ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. லைசென்ஸ் உள்ள நிறுவனங்களின் பட்டியல் அரசுத் தளத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. லெட்டரில் உள்ள பெயரை அதில் தேட இரண்டு நிமிடம் போதும்.

கீழ்வரிசை · 12:31

சாரி சார். ஜெர்மனி. யூரோ, வருஷத்துக்கு. ஜாவா பேக்எண்ட் 4 வருஷம், இன்ஜினியரிங் டிகிரி. ப்ளூ கார்டுல (பட்டதாரிகளுக்கான வேலை, குடியிருப்பு அனுமதி) போகலாம்னு சொன்னாங்க. இன்டர்வியூ ரெண்டும் ஏஜென்சி ஆளுங்கதான் எடுத்தாங்க.

பழைய சர்வர் · 12:38

ஜெர்மனியா? அப்படியானால் பொய் இன்னும் சுலபமாகப் பிடிபடுகிறது. ஜெர்மனியில் ஸ்பான்ஸர் லைசென்ஸ் என்று ஒன்றே கிடையாது. பிரிட்டனில் உள்துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். நெதர்லாந்தில் குடிவரவுத் துறையின் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். ஜெர்மனியில் முறையாகப் பதிவான எந்த நிறுவனமும் வெளிநாட்டவரை எடுக்கலாம். இல்லாத லைசென்ஸைக் காட்டி உங்களிடம் பணம் கேட்கிறார்கள். நீங்களும் பாதியா முழுசா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கட்டெறும்பு · 12:45

சம்பளத்துல பிரச்சினை இல்லை ப்ரோ. ஐடிக்கு ப்ளூ கார்டு வரம்பு 43,759.80. உங்களுக்கு 44,000, தாராளமா பாஸ்.

ஜன்னலோரம் · 1:10

கட்டெறும்பு சொன்னது 2025 வரம்பு. ஒவ்வொரு ஜனவரியும் மாறும். 2026க்குப் பொது வரம்பு 50,700 யூரோ. ஐடி மாதிரி ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கு 45,934.20. அதனால 44,000க்கு இந்த வருஷம் ப்ளூ கார்டு கிடையாது. ஏஜென்சி போன வருஷத்துக் கணக்கை வெச்சு லெட்டர் அடிச்சிருக்கு போல. ஆள் எடுக்கறதே தொழிலா வெச்சிருக்கறவங்களுக்கு இந்த எண் தெரியாம இருக்காது.

ப்ளூ கார்டு இல்லேன்னாலும் வழி இருக்கு. பட்டம் அங்கே அங்கீகரிக்கப்பட்டதுன்னா குடியிருப்புச் சட்டம் 18பி பிரிவுல பட்டதாரிப் பணியாளர் அனுமதி வாங்கலாம். 45 வயசுக்குள்ளே இருந்தா நிர்ணயிச்ச வரம்பு கிடையாது. ஆனா கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமை ஒப்புதல் தரணும். அதே வேலைக்கு உள்ளூர் ஆளுக்குத் தர்ற சம்பளத்தைத்தான் உங்களுக்கும் தர்றாங்களான்னு அவங்க பார்ப்பாங்க. பட்டம் செல்லுமான்னு அனாபின் தரவுத்தளத்துல நீங்களே இலவசமா தேடலாம். கல்லூரிக்கு நேரா ஹெச் ப்ளஸ் (அங்கீகரிக்கப்பட்டதுங்கற குறி) இருக்கணும், பட்டத்தோட பேரும் தனியா இருக்கணும். கல்லூரி மட்டும் இருந்து பட்டம் இல்லேன்னா, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடற ஸாப் அலுவலகத்துல ஒப்பீட்டுச் சான்று வாங்கணும், 208 யூரோ. அந்த விண்ணப்பத்துக்கு ஏஜென்சி தேவையில்லை.

இப்போ உப்புமூட்டை கேட்ட கேள்விக்கு வாங்க. லெட்டர்ல வேலை தர்றவர்னு யார் பேர் இருக்கு?

கீழ்வரிசை · 1:16

ஏஜென்சி பேர்தான் இருக்கு. க்ளையன்ட் பேரை சேர்ந்த பிறகு சொல்வாங்களாம். ரெண்டு பாயின்ட் மட்டும் போடறேன்: ஒண்ணு, பணியாளர் நிறுவனம் குறிப்பிடும் வாடிக்கையாளர் இடங்களில் அவர்களின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். ரெண்டு, 24 மாசத்துக்குள்ள விலகினா ஆள் தேர்வுச் செலவு 6,000 யூரோ திருப்பித் தரணும்.

மழைக்கோட்டு · 1:24

"அவர்களின் மேற்பார்வையில்"னு இருக்கா? அப்போ 1,500 பத்தின பேச்சே ரெண்டாம்பட்சம்.

ஜன்னலோரம் · 1:41

ஆமா, முதல் பாயின்ட்தான் ஆபத்து. ஆளை வேற கம்பெனிக்கு வாடகைக்கு விடறது ஜெர்மனியில தனிச் சட்டத்துல வர்ற தொழில். அதுக்கு ஏஜென்சிகிட்ட அனுமதி இருக்கணும், ஒப்பந்தத்துலயும் அது வாடகைப் பணின்னு வெளிப்படையா எழுதியிருக்கணும். அதைவிட முக்கியம்: வாடகைப் பணியாளரா வேலை பார்க்க வர்றவருக்கு வேலைவாய்ப்பு முகமை ஒப்புதல் மறுக்கணும்னு குடியிருப்புச் சட்டம் 40ஆம் பிரிவு சொல்லுது. 50,700க்கு மேல ப்ளூ கார்டு வாங்கறவருக்கு அந்த ஒப்புதலே தேவையில்லை, அவருக்கு இந்தத் தடை வராது. உங்களுக்கு 18பிக்கும் ஒப்புதல் வேணும், சம்பளத்தை 46,000 ஆக்கி குறைஞ்ச வரம்பு ப்ளூ கார்டு கேட்டாலும் ஒப்புதல் வேணும். ரெண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கு.

இது எங்கே மாட்டும்னா, வேலை தர்றவர் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டிய "எர்க்லேருங் ட்ஸும் பெஷெஃப்டிகுங்ஸ்ஃபெர்ஹெல்ட்னிஸ்"னு ஒரு படிவம் இருக்கு (மூச்சு வாங்கிக்குங்க), அதாவது வேலை விவர அறிவிப்பு. வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், வேலை நடக்கற இடம் எல்லாம் அதுல வரும். பணியாளரை மூணாவது ஆளுக்கு விடுவீங்களான்னு ஒரு கேள்வியும் இருக்கு. ஆமான்னா மறுப்பு. இல்லைன்னு எழுதிட்டு ஒப்பந்தத்துல இப்படி இருந்தா பொய்த் தகவல், அது உங்க விண்ணப்பத்தோட தலையிலதான் விடியும்.

அந்த 6,000க்குப் பயப்படாதீங்க. ஆள் தேடித் தந்ததுக்கு முதலாளி கொடுத்த கமிஷனை, சீக்கிரம் விலகினார்னு பணியாளர்கிட்ட திருப்பிக் கேக்கற ஒப்பந்த விதி செல்லாதுன்னு ஜெர்மனியோட கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2023 ஜூன் 20ல தீர்ப்பு சொல்லியிருக்கு. செல்லாத விதியை இன்னும் அச்சடிச்சுக் கொடுக்கறாங்கங்கறதையும் கவனிச்சுக்குங்க.

கட்டெறும்பு · 1:50

2025 நம்பரைச் சொன்னது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா க்ளையன்ட் இடத்துக்குப் போனாலே வாடகைப் பணின்னு சொல்ல முடியாதுங்க. கன்சல்டிங் கம்பெனிகள் எல்லாம் அப்படித்தானே ஓடுது.

ஜன்னலோரம் · 1:58

போற இடத்தை வெச்சு முடிவு பண்றதில்லை, யார் வேலை வாங்கறாங்கன்னு பார்ப்பாங்க. கன்சல்டிங் கம்பெனியோட டீம் லீட் உங்களுக்கு வேலையை டிக்கெட்டா பிரிச்சுக் கொடுத்தா, லீவுக்கு அவர்கிட்ட கேட்டா, அது சேவை ஒப்பந்தம். க்ளையன்ட் மேனேஜர் தினமும் உங்களுக்கு வேலை சொன்னா, எந்தப் பேர் வெச்சாலும் வாடகைப் பணிதான். இவர் லெட்டர்ல "அவர்களின் மேற்பார்வையில்"னு எழுத்துலயே இருக்கு.

மழைக்கோட்டு · 2:05

பணக் கணக்கையும் பாருங்க. ஒழுங்கான ஏஜென்சி ஆளைச் சேர்த்துவிட்டா, முதல் வருஷச் சம்பளத்துல வழக்கமா 20 முதல் 30 சதவீதம் முதலாளிகிட்ட வாங்கும். 44,000ல 25 சதவீதம்னா 11,000 யூரோ. அது வரப்போகுதுன்னா உங்க 750க்கு நாளை மதியம்னு கெடு வைப்பாங்களா?

ஜெர்மனியில பதிவான தனியார் ஏஜென்சி வேலை தேடறவர்கிட்ட வாங்கவே கூடாதுன்னு இல்லை. ஆனா எழுத்துல ஒப்பந்தம் வேணும், உச்சவரம்பு வரி உள்பட 2,000 யூரோ, வேலை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் கேக்கலாம், முன்பணம் வாங்கக் கூடாது. சமூகச் சட்டத் தொகுப்பு மூணாம் புத்தகம், 296ஆம் பிரிவு.

கட்டெறும்பு · 2:09

அது வேலை தேடித் தர்றதுக்கு. இவங்க வாங்கறது "ப்ராசஸிங்". விசா உதவிக்குத் தனியா வாங்கலாமே.

மழைக்கோட்டு · 2:14

வாங்கட்டும், தனி ஒப்பந்தம் போட்டு, என்னென்ன செய்வாங்கன்னு வரிவரியா எழுதி, ரசீதோட. அப்படி எழுதினா எவ்வளவு வரும்னு பார்ப்போம். விசா கட்டணம் 75 யூரோ, தூதரகத்துல நீங்களே கட்டறது. அவசர நடைமுறை வேணும்னா 411 யூரோ, அது வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போறது, அங்கே நடத்தறது முதலாளி. நீங்க அவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்தா போதும். ஏஜென்சி ஜெர்மனிக்கு வெளியே பதிவானதுன்னா 296 அப்படியே பொருந்தாம போகலாம், அங்கத்துச் சட்டத்தைப் பார்க்கணும்.

நுனிப்புல் · காலை 7:15

எல்லாரும் சட்டமே பேசறீங்க. ஜெர்மன் மொழி பி1 (நடுத்தர நிலை) இல்லாம ஏஜென்சி மூலமா போறவங்க கதி இதுதான். மொழி இருந்தா கம்பெனியே நேரா எடுக்கும், ஏஜென்சியே வேண்டாம்.

கட்டெறும்பு · 7:22

ப்ளூ கார்டுக்கு மொழிச் சான்றே கேக்க மாட்டாங்க. பேக்எண்ட் டீம்ல பாதி இடத்துல ஆங்கிலம்தான்.

நுனிப்புல் · 7:25

வேலைக்கு ஆங்கிலம், சரி. நிரந்தரக் குடியுரிமைக்கு?

பழைய சர்வர் · 7:40

நிரந்தரக் குடியுரிமை அல்ல, நிரந்தரக் குடியிருப்பு அனுமதி. இரண்டும் வேறு. ப்ளூ கார்டு உள்ளவர் ஏ1 (தொடக்க நிலை) மொழியோடு 27 மாதத்தில் விண்ணப்பிக்கலாம், பி1 இருந்தால் 21 மாதத்தில். ஆகவே மொழியால் லாபம் 6 மாதம். ஆனால் இழையைத் தொடங்கியவர் இன்னும் விமானமே ஏறவில்லை.

நுனிப்புல் · 7:44

வாடகை வீடு தேடறப்போ தெரியும் அந்த 6 மாசத்தோட அருமை. சிவியில படம் வெச்சாரான்னும் யாரும் கேக்கலை.

கட்டெறும்பு · 7:46

படம் கட்டாயமில்லைங்க. 2006ல சம நடத்தைச் சட்டம் வந்ததுலேர்ந்து கம்பெனிகள் அதைக் கேக்கறதையே தவிர்க்கறாங்க.

உப்புமூட்டை · 8:30

படத்தைத் தனி இழையில பேசுங்க. கீழ்வரிசை, மதியத்துக்குள்ள ஏஜென்சிக்கு மூணு வரி மெயில் போடுங்க, ஃபோன்ல பேசாதீங்க. க்ளையன்ட் பேர் என்ன, இது வாடகைப் பணியா இல்லையா, கம்பெனியோட ஹெச்ஆர்பி எண் என்ன. ஹெச்ஆர்பிங்கறது வணிகப் பதிவேட்டு எண், நீதிமன்றத்தோட ஊர் பேர் சேர்த்து வரும். 2022 ஆகஸ்ட்லேர்ந்து அந்தப் பதிவேட்டை ஆன்லைன்ல இலவசமா பார்க்கலாம். கம்பெனித் தளத்துல "இம்ப்ரெஸும்" (கம்பெனி விவரம்) பக்கத்துலயும் அதே எண்ணும் நிர்வாக இயக்குநர் பேரும் இருக்கணும். லெட்டர்ல கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரம் இருக்கான்னு ஒப்பிட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, இதே க்ளையன்ட்டுக்கு வேற ஏஜென்சி மூலமாவும் சிவி போயிருந்தா இப்பவே நிறுத்துங்க. ஒரே ஆள் ரெண்டு ஏஜென்சியிலேர்ந்து வந்தா கமிஷன் யாருக்குன்னு தகராறு வரும், பல கம்பெனிகள் ஆளையே தள்ளிடும். எந்தக் கம்பெனிக்கு அனுப்பறாங்கன்னு பேர் சொல்லாம யாரையும் சிவி அனுப்ப விடாதீங்க.

பழைய சர்வர் · 8:52

உருப்படியான பதில். நான் எழுதியிருந்தால் இன்னும் சுருக்கமாக இருந்திருக்கும்.

கீழ்வரிசை · மாலை 6:10

மெயில் போட்டேன். ஹெச்ஆர்பி எண் தரலை. "ஸ்லாட் போயிடும், 500 மட்டும் கட்டுங்க"ன்னு வாட்ஸாப்ல வந்தது. கட்டலை. அனாபின்ல காலேஜ் ஹெச் ப்ளஸ், ஆனா டிகிரி பேர் இல்லை, ஸாப்புக்குத்தான் போடணும் போல. எல்லாருக்கும் நன்றி.

மழைக்கோட்டு · 6:14

பாஸ்போர்ட் ஸ்கேன் ஏற்கெனவே அவங்களுக்கு அனுப்பியிருந்தீங்களா?

உப்புமூட்டை · வியாழன், காலை 9:03

கீழ்வரிசை? எந்த நாட்டு பாஸ்போர்ட்னும் நீங்க இன்னும் சொல்லலை. ஸாப்ல என்னென்ன சான்றிதழ் கேப்பாங்கங்கறது எந்த நாட்டுப் பட்டம்ங்கறதைப் பொறுத்தது.