மூன்றாம் மாடியில் வெக்கை, பத்தாம் மாடியில் குளிர்: நீராவிச் சூடேற்றம் குறித்து ஒரு கேள்வி

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். மன்ஹாட்டனில் 1920களில் கட்டப்பட்ட பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். கான் எடிசன் என்ற நகர எரிசக்தி நிறுவனம் தெருவுக்கடியில் அனுப்பும் நீராவியை அழுத்தம் குறைத்து, இரட்டைக் குழாய் அமைப்பில் (ஒன்றில் நீராவி வரும், மற்றொன்றில் ஒடுங்கிய நீர் திரும்பும்) அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு அனுப்புகிறோம். கடுங்குளிர் நாள்களில் பத்தாம் மாடிக்காரர்கள் கோட்டைக் கழற்றாமல் வேலை செய்கிறார்கள். மூன்றாம் மாடியிலோ வெக்கை தாங்காமல் சன்னலைத் திறந்து வைக்கிறார்கள். அழுத்தத்தை 2 பிஎஸ்ஐயிலிருந்து (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) 6க்கு உயர்த்தியும் கட்டணம்தான் ஏறியது. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
முதலில் அழுத்தத்தைப் பழையபடி 2க்கே இறக்கிவிடுங்கள். ஒரு கிலோ நீராவி நீராக ஒடுங்கும்போது சுமார் 2,257 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. அறையைச் சூடாக்குவது அந்த ஒடுக்கமே. 2 பிஎஸ்ஐயில் நீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 104 டிகிரி செல்சியஸ், 6இல் 110. அந்த ஆறு டிகிரிக்காகவா இவ்வளவு செலவு?

உங்கள் குறை, ரேடியேட்டரிலிருந்து திரும்பு குழாய்க்குப் போகும் வழியில் உள்ள ஸ்டீம் டிராப் என்னும் தானியங்கி வால்வுகளில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். நீரையும் காற்றையும் வெளியேவிட்டு நீராவியை நிறுத்திவைப்பதுதான் டிராப்பின் வேலை. அது பழுதாகித் திறந்தபடியே நின்றுவிட்டால், நீராவி நேராகத் திரும்பு குழாய்க்குள் புகுந்து அங்கே அழுத்தத்தை உண்டாக்குகிறது; அதனால் மற்ற ரேடியேட்டர்களில் உள்ள காற்று வெளியேற வழியின்றித் தேங்குகிறது, காற்று நிற்கும் இடத்தில் நீராவி நுழையாது. மூன்றாம் மாடியின் பழுது பத்தாம் மாடியில் குளிராகத் தெரிவது இப்படித்தான்.

ஒவ்வொரு டிராப்புக்கும் முன்னும் பின்னும் தொட்டு அளக்கும் வெப்பமானியை வையுங்கள். பளபளப்பான பித்தளையில் அகச்சிவப்புக் கருவி குறைவாகவே காட்டும். இருபுறமும் ஒரே வெப்பநிலை என்றால் டிராப் திறந்து நிற்கிறது.

பதில் 2:
மேலே சொன்னது முற்றிலும் சரி. எங்கள் கட்டடத்தில் ஒடுங்கிய நீர் சேரும் தொட்டியின் காற்றுக்குழாயிலிருந்து நாள் முழுக்க வெண்புகைபோல் ஆவி வந்துகொண்டிருந்தது. ஒரு டிராப்பின் மூடியைக் கழற்றினோம். உள்ளிருந்த மெல்லிய உலோகத் துருத்தி வெடித்துக் கிழிந்திருந்தது. ஒரே செங்குத்துக் குழாயில் உள்ள எல்லா டிராப்களையும் ஒருசேர மாற்றிய பிறகே அந்த ஆவி நின்றது. ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் மிஞ்சிய பழுது, புதியவற்றையும் பயனற்றதாக்கிவிடும்.

இன்னொன்று: இந்த நகர அமைப்பில் ஒடுங்கிய நீர் உற்பத்தி நிலையத்துக்குத் திரும்புவதில்லை. அதைச் சாக்கடையில் விடுமுன் 150 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே குளிர்விக்க வேண்டும் என்பதற்காகக் குழாய் நீரை ஊற்றிக் கலப்பவர்கள் பலர். அதற்குப் பதில் ஒரு வெப்பமாற்றி வைத்து, கைகழுவும் வெந்நீருக்கு வரும் தண்ணீரை அதைக்கொண்டே முன்சூடாக்கலாம். காசு கொடுத்து வாங்கிய வெப்பம் வீணாகாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று காலை மூன்றாம் மாடியில் இருபத்திரண்டு டிராப்களை அளந்தேன். ஒன்பதில் இருபுறமும் ஒரே வெப்பநிலை. இந்த வார இறுதியில் நீராவியை நிறுத்திவிட்டு மாற்றப்போகிறோம்.

பதில் 1:
மீண்டும் திறக்கும்போது முதன்மை வால்வை மெதுவாகத் திறங்கள், ஐயா. ஆறிய குழாயில் தேங்கிய நீரை வேகமாக வரும் நீராவி உந்தித் தள்ளினால் குழாயே உடையக்கூடும். முதலில் தாழ்வான வடிகால்களைத் திறந்து நீரை வடித்துவிட்டு, அதன்பிறகு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள்.