காந்தி டாக்குமெண்டரி நல்ல காப்பி எங்க கிடைக்கும்? உதவி பண்ணுங்க

மதுரைக்காரங்க யாராச்சும் ஒரு வழி சொல்லுங்க. மேலூர் பக்கம் எங்க ஊர்ல இருக்குற சின்ன தியேட்டர்ல அக்டோபர் 2 காலைல ஒரு ஷோ இலவசமா தர்றேன்னு ஓனர் அண்ணன் சொல்லிட்டாரு, அதுல ஏ.கே.செட்டியார் எடுத்த காந்தி டாக்குமெண்டரிய போடணும்னு எங்களுக்கு ஆசை. உலகம் பூரா சுத்தி 50,000 அடி பிலிம் சேத்து, வெள்ளைக்காரன் ஆட்சி நடக்கும்போதே 1940ல தமிழ்ல ரிலீஸ் பண்ணிருக்காரு, அது என்ன சாதாரண காரியமா?

எங்க தாத்தா சின்னப் பையனா இருக்கும்போது டூரிங் டாக்கீஸ்ல மணலக் குமிச்சு வச்சு உக்காந்து பாத்தாராம், திரைல காந்தி நடந்து வந்ததும் பொம்பளைங்க எந்திரிச்சு கும்பிட்டாங்களாம், இப்பவும் அதச் சொல்லும்போது அவருக்கு கண்ணு கலங்கிரும். காந்தி 1921ல அரை வேட்டிக்கு மாறுனதே நம்ம மேலமாசி வீதில தான, இங்க உள்ள புள்ளைங்க அவரு நடக்குறத பெரிய திரைல பாக்கணும்ங்க.

தமிழ் பிரிண்ட் கிடைக்கிறது கஷ்டம்னு சொல்றாங்க. இங்கிலீஷ்ல வந்த சின்ன வெர்ஷனா இருந்தாலும் பரவால்ல, பக்கத்துல மைக் வச்சு தமிழ்ல சொல்லிக்குவோம். தியேட்டர்ல ஓட்டுற அளவுக்கு தெளிவான காப்பி யாருகிட்ட இருக்கு, திரையிட யாருகிட்ட பெர்மிஷன் வாங்கணும்? காந்தி மியூசியத்துல ஆள் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க, நாளைக்கே கிளம்பி தமுக்கம் வந்துர்றேன்.