அப்போதீசியம்: ‘கிண்ணம்’ போதுமா?

வணக்கம். கிண்ணப் பூஞ்சையில் ஸ்போர்கள் (பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்கள்) உண்டாகும் கிண்ணம் போன்ற உறுப்புதான் அப்போதீசியம். அதற்கும் அதன் பகுதிகளுக்கும் தமிழ்ச்சொல் தேடும்போது நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இது பதில்.

> அப்போதீசியம் என்று ஏன் நாக்கைச் சுளுக்கிக்கொள்ள வேண்டும்? கிண்ணம் என்றே எழுதிவிடலாமே.

பொதுப்பெயராகக் ‘கிண்ணப் பூஞ்சை’ இருக்கட்டும், அதில் சண்டையில்லை. உறுப்பின் பெயராகக் ‘கிண்ணம்’ வைத்தால்தான் உதைக்கும். மட்கும் கட்டையில் வளரும் இந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உருப்படிகளில் பல, இளசாக இருக்கும்போதுதான் குழிவாக இருக்கும். முற்றியதும் தட்டையாகிவிடும், சில மேல்நோக்கிப் புடைத்தும் விடும். ‘புடைத்த கிண்ணம்’ என்றா எழுதுவது? போதாக்குறைக்குப் பறவைக்கூட்டுப் பூஞ்சையும் பார்வைக்குக் கிண்ணம்தான். ஆனால் அது காளான்கள் சேர்ந்த பசிடியோமைசீட்டுப் பிரிவு, முற்றிலும் வேறு கிளை.

ஸ்போருக்கு ‘வித்தி’ ஏற்கெனவே புழங்குவதால், என் பரிந்துரை ‘வித்தியகல்’. அகல் ஆழமில்லாதது, வாய் விரிந்தது. வித்திகள் உண்டாகும் படலம் மேலே திறந்து கிடப்பதுதானே அப்போதீசியத்தின் அடையாளம்.

> ‘வித்தகல்’ இன்னும் சுருக்கமாயிற்றே?

சுருக்கம்தான். ஆனால் வித்து என்றால் விதை. பக்கத்திலேயே வித்தகர் வேறு நிற்கிறார். சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். ஸ்குட்டெல்லினியா என்ற கிண்ணப் பூஞ்சைக்கு: ‘வித்தியகல் செம்மஞ்சள், விளிம்பில் கரிய விறைத்த மயிர்கள்.’ லாக்னம் வர்ஜினியத்துக்கு: ‘வித்தியகல் வெண்மை, காம்புடையது, வெளிப்புறமெங்கும் வெண்மயிர்.’ குளோரோசிபோரியாவுக்கு இப்படி ஒரு சொல் இல்லாமல் முடியவே முடியாது. அதன் இழைகள் கட்டையையே நீலப்பச்சையாக்கிவிடும். வித்தியகல் ஒன்றுகூட இல்லாத கட்டையிலும் நிறம் இருக்கும். பூஞ்சை இருக்கிறது, வித்தியகல் இல்லை என்பதைக் ‘கிண்ணப் பூஞ்சை இருக்கிறது, கிண்ணம் இல்லை’ என்று எழுதினால் படிப்பவர் தலையைச் சொறிவார்.

அப்புறம், வித்திகள் உள்ளே உருவாகும் நுண்பையான ஆஸ்கஸுக்கு ‘வித்திப்பை’. அது எப்படித் திறக்கிறது என்பதில்தான் இனங்காணலின் பாதி வேலை இருக்கிறது.

> மூடியுடையது, மூடியிலி என்று வைக்கலாம்.

முதலாவது சரி. இரண்டாவது, இல்லாததை மட்டும் சொல்கிறது. ஸ்குட்டெல்லினியாவின் பை நுனியில் சிறு மூடி திறந்து வித்திகள் தெறிக்கும். லாக்னத்திலும் மொல்லிசியாவிலும் நுனியில் துளைதான். ஆகவே ‘மூடிவாய்’, ‘துளைவாய்’ என்று இணையாக வைத்தால் என்ன? கைலென்ஸில் இது தெரியாது. வித்தியகலை மெல்லச் சீவி, முதலில் வெறும் நீரில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பிறகு ஓரத்தில் அயோடின் சொட்டு. துளைவாய்ப் பைகள் பலவற்றில் நுனி வளையம் நீலமாகும். எடுத்த எடுப்பிலேயே அயோடினை ஊற்றினால் உயிருள்ள செல்கள் செத்துப்போய், உள்ளிருக்கும் எண்ணெய்த்துளிகளும் உருக்குலையும். அவையும் அடையாளங்கள்தான்.

வித்தி தராத இழைகளான பாரஃபைசிஸ் இன்னும் பாக்கி. ‘மலட்டிழை’ வேண்டாம் என்பேன். காளான்களில் உள்ள சிஸ்டிடியம் என்ற செல்லும் மலடுதான், நாளைக்கு அதற்குச் சொல் தேடும்போது இடிக்கும். வித்திப்பைகளுக்கு நடுவே நிற்பதால் ‘இடையிழை’ என்று வைக்கலாமா? லாக்னத்தில் இவை ஈட்டிமுனை வடிவில் பைகளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். ‘ஈட்டிமுனை இடையிழை’ என்பது என் காதுக்கு ஒட்டுகிறது. மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.