வலிக் குறிப்பேட்டுக்கு நம்ம ஊர்ச் சொற்கள் வேண்டும்

எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) உள்ளவர்களிடம் மெஃபனமிக் ஆசிட், நாப்ராக்சன் என்ற இரண்டு வலி மாத்திரைகளையும் ஒப்பிடும் ஆய்வுக்கு வலிக் குறிப்பேடு தயாரிக்கிறோம். ஒரு மாதவிடாய்க்கு ஒரு மருந்து, அடுத்ததற்கு மற்றது. நாப்ராக்சனின் அரை ஆயுளே (உடலில் மருந்து பாதியாகக் குறையும் நேரம்) 12 முதல் 17 மணி நேரம்தான். ஒரு மாதத்தில் மிச்சம் எதுவும் இருக்காது.

உதவி வேண்டியது சொற்களுக்கு. நோவு, கடுப்பு, இழுப்பு, குத்தல்: குளச்சலிலும் குலசேகரத்திலும் மார்த்தாண்டத்திலும் பெண்கள் எதை எந்த வலிக்குச் சொல்கிறார்கள்? கிராம செவிலியர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

இன்னொன்று, மெடிக்கலில் பெயர் கேட்காமல் வாங்கும் 'வயிற்று வலி மாத்திரை'. பெரும்பாலும் 250 மி.கி. மெஃபனமிக்கோடு தசைப் பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமின் 10 மி.கி. சேர்ந்தது. நாப்ராக்சன் மாதத்தில் அதைப் போட்டால் ஒப்பீடே கெட்டது. வயிற்றுப் புண், ரத்தக்கசிவு ஆபத்தும் கூடும். காலி அட்டையைக் குறிப்பேட்டிலேயே ஒட்டச் சொல்லலாமா? வீட்டில் கூச்சப்படுவார்களா?

காய்ச்சலோ நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ இருந்தால் சேர்க்க மாட்டோம். அது கிருமித் தொற்றாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் தேவைப்படும், வலி மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும்.

அச்சடித்துத் தருபவர்களுக்கு: வலி எவ்வளவு என்று பெண்கள் குறி போட்டுக் காட்டும் கோடு சரியாக 100 மி.மீ. இருக்க வேண்டும். ஜெராக்ஸில் 'பக்கத்துக்குப் பொருத்து' போட்டால் 96, 97 ஆகச் சுருங்கும். ஒவ்வொரு கட்டிலும் ஒரு தாளை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரே பேனா, ஒரே சாய்வில் மூன்று நாள் குறிகள் என்றால் கடைசி நாளில் மொத்தமாக எழுதியதாக இருக்கலாம். அதைத் தடுக்கவும் யோசனை சொல்லுங்கள்.